பிஷான் நாய்த்திடல்: ஏப்ரல் குறிப்புகள்

ஏப்ரல் 12, சனி, காலை 7.15

சிங்கப்பூரில் ஏப்ரல், மே வந்தால் புழுக்கம் தாங்காது. சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு. எட்டரைக்குள் பிஷான் - அங் மோ கியோ பூங்காவில் நாய்களை அவிழ்த்துவிடும் வேலியிட்ட திடலிலிருந்து நாயைக் கிளப்பிவிட வேண்டும். பலரும் வெயிலை மட்டும் பார்க்கிறார்கள். இங்கே ஈரப்பதம்தான் ஆளை விழுங்கும். நாய் மூச்சிரைக்கும்போது நாக்கிலும் வாயிலும் இருக்கும் ஈரம் ஆவியாகி உடம்பு குளிர்கிறது. இரவு மழைக்குப் பிறகு காற்று ஏற்கெனவே நனைந்திருப்பதால் அந்த ஈரம் எளிதில் காயாது. இன்று வெயிலே இல்லை, மூட்டம்தான். ஆனாலும் பத்து நிமிட ஓட்டத்தில் எல்லா நாக்குகளும் தொங்கிவிட்டன.

ஏப்ரல் 13, ஞாயிறு

திடல் நுழைவாயிலில் இரண்டு கதவுகள். வெளிக்கதவைத் தாழிட்ட பிறகே உள்கதவைத் திறக்க வேண்டும். நாயின் கழுத்து வாரை இரண்டு கதவுகளுக்கும் நடுவிலேயே அவிழ்த்துவிடுங்கள். மற்றவை அவிழ்ந்து திரியும்போது ஒன்று மட்டும் கட்டுண்டு நின்றால் அதற்கு விலகிப்போக வழியில்லை. உறுமல் அங்கேதான் ஆரம்பிக்கும். உள்ளே கதவருகே நாய்கள் மொய்த்தால், அவை கலையும்வரை வெளியிலேயே நிற்கலாம்.

ஏப்ரல் 17, வியாழன், மாலை 6.30

புல் குளிர்ந்துவிட்டது, கார் நிறுத்துமிடத்துத் தார் இன்னும் சுடுகிறது. புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் பாதமும் தாங்காது.

ஏப்ரல் 19, சனி

ஒரு பிரெஞ்சு புல்டாக். பந்துக்கு ஓடுவது நிற்கவில்லை, ஆனால் நாக்கின் நுனி கரண்டிபோல் அகன்று, ஓரங்கள் மேலே சுருண்டிருந்தன. ஆட்டத்தை நிறுத்த வேண்டிய அடையாளம் அதுதான். ஈறு செக்கச்செவேலென்று ஆவதும் நடை தள்ளாடுவதும் அடுத்த கட்டம். சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகல் என்பதால் மூச்சிரைப்பதே பெரும் உழைப்பு. அந்த உழைப்பே சூட்டை ஏற்றும்.

சூடேறிய நாயை நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை வயிறு, அக்குள், தொடை இடுக்கில் விடாமல் ஊற்றி விசிற வேண்டும். பனிக்கட்டி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஈரத் துண்டால் போர்த்துவதைப் பலர் செய்கிறார்கள். அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். நாயின் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தொட்டால் உயிராபத்து. 39.5-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். தெளிந்தது போலத் தெரிந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உள்ளுறுப்புப் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பூங்காவுக்குள் காலாங் ஆறு ஓடுகிறது. அதிலோ மழைக்குட்டையிலோ குடிக்கவிடாதீர்கள்: எலி மூத்திரம் கலந்த நீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற பாக்டீரியா நோய் பரவும். 10 கிலோ நாய்க்கு அரை லிட்டர் எடுத்து வந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

வீடு திரும்பியதும் உண்ணி பார்க்க வேண்டும். காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில். எர்லிக்கியா, பபீசியா என்ற இரத்தத் தொற்றுகள் இரண்டும் உண்ணி வழியாக வருபவை. நுனி மெலிந்த இடுக்கியால் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நசுக்கக் கூடாது, மண்ணெண்ணெய் தடவக் கூடாது.