எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒரு மைக் செட்

கல்லூரித் தாளாளர் கொடுத்த தாளில் பட்டியல் நீளமாக இருந்தது. பட்டமளிப்பு விழா, பட்டிமன்றம், கச்சேரி, பரதநாட்டியம், ஆண்டு விழா ஆர்கெஸ்ட்ரா, படம் போடுவது. எல்லாத்துக்கும் ஒரே செட் ஆகணும். அடியில் ஒரே ஒரு கேள்வி: எத்தனை வாட்ஸ்?

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம்தான். அப்பா மைக் செட் கடை வைத்திருந்த காலத்தில் வருகிறவர்கள் "எத்தனை குழாய் கட்டுவீங்க?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். கோயில் கொடைக்கு அது சரியான கணக்கு. திறந்தவெளியில் போன சத்தம் போனதுதான். நாலு சுவருக்குள் அது திரும்பி வந்து மேலே விழும்.

இந்த அரங்கம் 100 அடி நீளம், 60 அடி அகலம், 26 அடி உயரம். பின்னால் ஒரு பால்கனி, மொத்தம் 600 இருக்கை. நான் போனபோது பூச்சு வேலை முடிந்து தரையில் டைல்ஸ் போட்டிருந்தார்கள், நாற்காலி வரவில்லை. மேடையில் நின்று ஒரு தட்டுத் தட்டினால் மூன்று வினாடிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. தாளாளருக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க, மைக்கே வேண்டாம் போல!" அவரைக் கடைசியில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, கையிலிருந்த நாளிதழின் தலையங்கத்தை மேடையிலிருந்து வேகமாக வாசித்தேன். ஒரு பத்தி முடிந்ததும், "சத்தம் வருது, ஆனா ஒண்ணும் விளங்கலையே" என்றார். வாட்ஸ் பேச்சு அதோடு நின்றது.

ஹார்வர்டில் 1895 வாக்கில் இதே தொல்லை இருந்தது. புதிதாகக் கட்டிய விரிவுரை அறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர், பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்து, ஒரு கணக்குக் கண்டுபிடித்தார். அறையின் கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, அறைக்குள் சத்தத்தை உறிஞ்சுகிற பரப்பால் வகுத்தால், சத்தம் 60 டெசிபல் இறங்க, அதாவது ஏறத்தாழ அடங்கிப்போக, எத்தனை வினாடி ஆகும் என்று வரும். இன்றைக்கும் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் நான் போடுவது இந்தக் கணக்கைத்தான்.

நம் அரங்கம் சுமார் 4,400 கன மீட்டர். வெறும் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 200 சதுர மீட்டர் அளவுக்குத்தான் உறிஞ்சும் என்று வைத்தால் மூன்றரை வினாடி. ஆட்கள் நிறைந்தால் ஆளுக்கு அரை சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு 270 சேரும், ஒன்றரை வினாடிக்கு இறங்கும். பேச்சுக்கு ஒரு வினாடியை ஒட்டி இருந்தால் நல்லது. மேற்கத்திய சிம்பொனிக்காரர்கள் இரண்டு வினாடி கேட்பார்கள். நம் கச்சேரி இரண்டுக்கும் நடுவில். நான் 1.2 என்று வைத்துக்கொண்டேன். அதற்கு இன்னும் 120 சதுர மீட்டர் உறிஞ்ச வேண்டும்: ஏறத்தாழ 1,450 சதுர அடிக்கு இரண்டு இஞ்ச் ராக்வூல் (பஞ்சு மாதிரியான கல் நார்) வைத்துத் துணி போர்த்திய பேனல். அதில் பெரும்பங்கு பின்சுவருக்கு. மேடையில் பேசுகிறவரின் குரல் பின்சுவரில் பட்டுத் திரும்ப 175 மில்லி செகண்ட் ஆகும். தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்தால் யாருக்கும் நாக்கு தடுமாறும். பக்கச் சுவர்களில் ஓர் அடி தள்ளி, இழுத்து மூடுகிற மாதிரி கனமான வெல்வெட் திரை. ஆர்கெஸ்ட்ராவுக்கு மூடலாம், கச்சேரிக்குத் திறக்கலாம்.

நாற்காலியில்தான் பெரிய சண்டை. பிளாஸ்டிக் என்றால் பாதி விலை. ஆனால் குஷன் நாற்காலி காலியாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஆள் உட்கார்ந்த அளவுக்கு உறிஞ்சும். மத்தியானம் காலி அரங்கில் சரிசெய்து வைத்தது சாயங்காலம் கூட்டம் வந்த பிறகும் மாறாது. இரண்டு ஸ்பீக்கர் குறைத்துக்கொள்கிறேன், குஷன் வாங்குங்கள் என்றேன். வாங்கினார்கள்.

ஸ்பீக்கர் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இப்போது எந்த ஊரில் அரங்கம் கட்டினாலும் இரண்டு பக்கமும் வாழைத்தார் மாதிரி லைன் அரே, அதாவது ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்த ஸ்பீக்கர் வரிசை, தொங்க வேண்டும் என்கிறார்கள். நீண்ட அரங்கங்களுக்கும் பெரிய மைதானங்களுக்கும் அது அருமையான சாமான். 100 அடிக்குள், நாலு பெட்டியை மட்டும் தொங்கவிட்டால் கனத்த பேஸ் சத்தத்தை வேண்டிய பக்கம் மட்டும் அனுப்பும் அதன் கட்டுப்பாடு போய்விடும். அந்தப் பணத்துக்கு நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று நல்ல பாயின்ட் சோர்ஸ் பெட்டிகள் (ஒற்றையாகவே நின்று வேலை செய்யும் ஸ்பீக்கர்) வாங்கலாம். பேச்சு நடுப்பெட்டியில் மட்டும். குரல் ஒரே இடத்திலிருந்து வந்தால்தான் தெளிவு. பாட்டு வரும்போது பக்கப் பெட்டிகளும் சேர்ந்துகொள்ளும். படம் போட்டால் வசனம் நடுவில், இசை பக்கத்தில். சுற்றிலும் சரவுண்ட் வைக்கக் கேட்டார்கள்; வருஷத்துக்கு ரெண்டு படம் போட அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முன்வரிசையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். சிறப்பு விருந்தினரின் குடும்பம் உட்காருவது அங்கேதான், மேலே தொங்கும் பெட்டியின் சத்தமோ அவர்கள் தலைக்கு மேல் போய்விடும். மேடை விளிம்பில் நாலு சின்னப் பெட்டி பதித்தோம். பால்கனிக்கு அடியிலும் இதே குறை. அங்கே கூரையில் வைத்த ஸ்பீக்கர்கள் மேடையிலிருந்து சுமார் 70 அடி தூரம். நம் ஊர்ச் சூட்டில் சத்தம் அந்தத் தூரம் வர 61 மில்லி செகண்ட் ஆகும். தாமதம் வைக்காவிட்டால் கூரைச் சத்தம் முந்திக்கொள்ளும், மேடைச் சத்தம் எக்கோவாகப் பின்னால் வரும். 61க்கு மேல் இன்னும் 12 சேர்த்து 73 வைத்தேன். முதலில் காதுக்கு வருகிற திசையையே மூளை நம்பும் என்று ஹெல்முட் ஹாஸ் 1949இல் எழுதிய ஆய்வு இதற்கு அடிப்படை. தாமதத்தைப் போட்டுக் காட்டியபோது கடைசி வரிசையில் இருந்த தமிழ்த்துறைப் பேராசிரியர், "மேல இருக்கிற ஸ்பீக்கர் வேலை செய்யலையே தம்பி" என்றார். அணைத்துக் காட்டினேன். உடனே "போடுங்க, போடுங்க" என்றார்.

கச்சேரி வேறு உலகம். வித்வான்கள் தரையில் உட்காருகிறார்கள். கடையில் விற்கிற மானிட்டர் பெட்டியின் (மேடையில் இருப்பவர் தன் குரலைக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) சாய்வு நிற்கிறவர் காதுக்காக வெட்டியது. அதை அருகில் வைத்தால் சத்தம் பாகவதரின் தலைக்கு மேலே போகும். அவர் கையை மேலே காட்டிக்கொண்டே இருப்பார், நாம் ஏற்றிக்கொண்டே இருப்போம், கடைசியில் மைக் கூவும். பெட்டியை ஏழெட்டு அடி தள்ளி, பின்பக்கத்துக்குக் கட்டை கொடுத்துச் சாய்வைக் குறைத்தால் பாதி ஒலியிலேயே போதும் என்பார். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் சாதாரண கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம்தான் காது கேட்காது. மானிட்டர் அங்கே இருக்க வேண்டும். இன்னும் குறுகலாக எடுக்கும் சூப்பர் கார்டியாய்டு என்றால் அந்த இடம் பின்பக்கத்தில் இருபுறமும் சற்றுத் தள்ளி. மிருதங்கத்துக்கு இரண்டு மைக்: வலது முகமான வலந்தலைக்கு ஒன்று, இடது முகமான தொப்பிக்கு ஒன்று. கச்சேரியில், கனத்த பேஸ் சத்தத்துக்கான சப்வூஃபர் அணைந்தே இருக்கும். தொப்பியின் கும்கி என்ற குழைவான நாதம் அதில் போனால் உருமி ஆகிவிடும்.

ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் தங்கள் மிக்ஸரோடுதான் வருவார்கள். அவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை. மேடையின் ஓரத்தில் ஒரு பெட்டி வைத்தோம்: அவர்கள் மிக்ஸரின் அவுட்டைச் செருக இரண்டு சாக்கெட், பக்கத்திலேயே தனி த்ரீ ஃபேஸ் பாயின்ட். உள்ளே சத்தத்தை ஓர் அளவுக்கு மேல் போகவிடாத லிமிட்டர் இருப்பதால் எவ்வளவு ஏற்றினாலும் ஸ்பீக்கர் எரியாது. லைட் டிம்மர் ஒரு ஃபேஸ், ஆடியோ வேறு ஃபேஸ், எர்த் குழியும் தனி. மைக் ஒயரும் கரன்ட் ஒயரும் ஒரே பைப்பில் போகக் கூடாது. குறுக்கே வந்தால் செங்கோணத்தில் தாண்ட வேண்டும். எலெக்ட்ரீஷியன் தம்பி இதைச் சலித்துக்கொண்டே செய்தார். நாட்டிய நிகழ்ச்சியில் லைட்டை மெல்ல இறக்கும்போது ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று ஒன்றும் வரவில்லை.

தினமும் இதை இயக்கப்போவது சாவி வைத்திருக்கும் அலுவலக உதவியாளர் அண்ணன்தான். இன்ஜினீயர் யாரும் வரப்போவதில்லை. அவருக்காகச் சுவரில் நாலு பொத்தான்: பேச்சு, கச்சேரி, ஆர்கெஸ்ட்ரா, படம். மிக்ஸர் முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில் என்று வரிசையாகத் தானே ஆன் ஆகும், அணையும்போது தலைகீழாக. பேச்சுப் பொத்தானில் ஆட்டோ மிக்ஸர் உண்டு. பட்டிமன்றத்தில் அணிக்கு மூன்று பேர், நடுவர் ஒருவர், ஆக ஏழு மைக். எல்லாம் திறந்து கிடந்தால் ஒற்றை மைக்கைவிட எட்டரை டெசிபல் குறைவாகவே வைக்க முடியும், இல்லையென்றால் கூவும். 1970களில் டான் டுகன் கண்டுபிடித்த முறை, பேசுகிறவர் மைக்குக்கு மட்டும் பங்கைக் கொடுத்து மற்றதைத் தானே இறக்கும். அண்ணனுக்கு இதில் நம்பிக்கை வர நாளானது. "நான் ஒண்ணும் தொடலையே சார், எப்படிக் குறையுது?" என்று மிக்ஸரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

மிக்ஸரை வைக்க வரைபடத்தில் பால்கனியின் மேல் ஒரு கண்ணாடி அறை இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு அரங்கத்தில் என்ன கேட்கிறது என்று எப்படித் தெரியும்? நடு அரங்கில் சில இருக்கைகளை எடுத்துவிட்டு அங்கே வைத்தோம். அந்த அறை இப்போது புரொஜெக்டருக்கு.

தரைவிரிப்பு போடுவதற்கு முன்னால் முன்பாதியைச் சுற்றி ஒரு செப்புக் கம்பியும் ஓடவிட்டோம். காதுக்கருவி போட்டவர்கள் அதிலுள்ள 'டி' நிலைக்கு மாற்றினால் பேச்சு நேராகக் காதுக்குள் வரும். விரிப்பு போட்ட பிறகு செய்வதென்றால் பல மடங்கு செலவு.

இன்னும் தீராதது ஏசி. டக்ட் வேலை என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே முடிந்துவிட்டது, வாய்கள் சின்னது, காற்று இரைகிறது. வாயைப் பெரிதாக்கி, டக்ட்டின் உள்ளே லைனிங் ஒட்ட மதிப்பீடு கொடுத்திருக்கிறேன். அதுவரை ஆலாபனை தொடங்கினால் ஃபேன் வேகத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். தனி ஆவர்த்தனம் வந்ததும் அண்ணன் தானாகவே ஏற்றிவிடுகிறார்.