சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தம்

நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் டவுன்ஹவுஸில் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். காலை ஆறரைக்கும் ராத்திரி ஏழரைக்கும் அந்தப் பக்கமிருந்து அரைமணி நேரம் 'ட்ர்ர்ர்' என்று சத்தம் வரும், ரொம்ப நாள் அதை வாஷிங் மெஷின் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் அந்த வீட்டு ஒன்பது வயதுப் பெண் என் மகளோடு தோசை சாப்பிட உட்கார்ந்தாள். கையோடு கொண்டுவந்த டப்பாவிலிருந்து மூன்று கேப்சூல் எடுத்து விழுங்கிவிட்டுத்தான் முதல் வாய் வைத்தாள். சாயங்காலம் அவள் அம்மாதான் விவரம் சொன்னார், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு பிள்ளைக்கு வந்துசேர்ந்தால் வரும் நோய் இது. சளி பிசின் மாதிரி கெட்டியாகி நுரையீரலை அடைக்கும், கணையத்தையும் அடைக்கும், அதனால்தான் சாப்பாட்டுக்கு முன், செரிமானத்துக்கு உதவும் அந்த என்சைம் கேப்சூல். நான் கேட்ட சத்தம் காற்றால் உப்பி நெஞ்சைக் குலுக்கிச் சளியை இளக்கும் ஓர் அங்கியுடையது. 2019இல் டிரிகாஃப்டா என்ற மருந்து வந்து நிறைய பேருடைய வாழ்க்கையே மாறிப்போனது, ஆனால் இவளுக்கு இருக்கும் மரபணு மாற்றத்துக்கு அது வேலை செய்யாது. அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் குரல் கம்மியது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன் நிதி திரட்ட நடத்தும் கிரேட் ஸ்ட்ரைட்ஸ் நடையில் வருஷாவருஷம் அவர்கள் குடும்பமே ஓர் அணியாக நடக்கிறது, நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டார். சேருவது சுலபம், அணியின் பக்கத்தில் பெயரைப் பதிந்து 500 டாலர் இலக்கு வைத்தேன், அஞ்சு நிமிஷ வேலை. பணம் கேட்பதுதான் கஷ்டம். கோயிலுக்கென்றால் கூச்சமில்லாமல் கேட்டுவிடுவேன், இதற்கு வாய் வரவில்லை. தயாராக இருந்த ஆங்கிலக் கடிதத்தை அப்படியே எங்கள் தமிழ் வாட்ஸப் குழுவில் போட்டேன், இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள், அவ்வளவுதான். அப்புறம் அவள் அம்மாவிடம் அனுமதி கேட்டு, சுவர் சத்தத்தையும் தோசையையும் தமிழில் எழுதிப் போட்டேன். அன்று ராத்திரிக்குள் 310 டாலர் வந்துவிட்டது. கொடுத்த ரசீதை அலுவலகத்தில் காட்டினால் அவர்களும் அதே அளவு போடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள், என் அலுவலகம் போட்டது. இந்தப் பணம் வெறும் சடங்கு இல்லை, டிரிகாஃப்டாவுக்கு வழிபோட்ட ஆராய்ச்சிக்கே அந்த ஃபவுண்டேஷன் இப்படிச் சேர்த்துத்தான் கொடுத்தது.

மே மாதம், சனிக்கிழமை காலை, நல்ல வெயில். எல்லோர் டிஷர்ட்டிலும் ரோஜாப் பூ. 1965இல் நாலு வயதுப் பையன் ஒருவன் இந்த நோயின் பெயரைச் 'சிக்ஸ்டி ஃபைவ் ரோசஸ்' என்று காதில் வாங்கியிருக்கிறான், அன்றிலிருந்து ரோஜாதான் அடையாளம். வியர்வையில் உப்பு ரொம்பப் போய்விடும் என்று அவள் அம்மா பாதி வழியில் உப்புப் போட்ட சிப்ஸைக் கையில் திணித்துக்கொண்டே வந்தார்.

நோய் உள்ளவர்கள் ஒருவரையொருவர் ஆறடிக்குள் நெருங்கக் கூடாது, நுரையீரல் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றிவிடும். எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நேர் எதிரே, புல்வெளியின் அந்த ஓரத்தில், அவள் வயதுப் பையன் ஒருவன் நின்றான். "நீ எத்தனை கேப்சூல்?" என்று இவள் கத்திக் கேட்டாள். அவன் நாலு விரலைத் தூக்கிக் காட்டினான். இவள் மூன்றைக் காட்டினாள்.