துளைப்பான் காட்டிய மண்

ஜெர்மனியின் ஷ்டைகர்வால்ட் மலைக்காடுகளில் தாவரக் கணக்கெடுப்பு வேலைக்குப் போன முதல் வருடம், சரிவை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்வுமானியில் எத்தனை டிகிரி, எந்தத் திசை என்று குறிப்பேன். தெற்குச் சரிவா, வெயில் காயும். வடக்கா, ஈரம் நிற்கும். அதை வைத்தே என்ன செடி இருக்கும் என்று முன்கூட்டியே முடிவுகட்டி வைத்திருப்பேன்.

அந்த மலையின் மேற்கு விளிம்பில் உச்சி மணற்கல். அதற்குக் கீழே கொய்ப்பர் எனப்படும் செவ்வூதாவும் சாம்பல் பச்சையுமான களிமண் அடுக்குகள். அடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்கள். களிமண் சரிவுகளில் ஓக்கும் ஹார்ன்பீமும் கூடி வளரும். ஐரோப்பாவின் இந்தப் பகுதியில் விட்டால் பீச் மரம்தான் காட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இந்தக் களி வசந்தத்தில் நீர் கோத்து நிற்கும், கோடையில் இறுகிப் பிளந்து வேர்களை அறுக்கும். பீச்சுக்கு அது ஆகாது, ஹார்ன்பீம் தாங்கிக்கொள்ளும். மனிதர் கையும் இதில் உண்டு. விறகுக்காக இருபது முப்பது வருடத்துக்கு ஒருமுறை வெட்டியபோதெல்லாம் ஹார்ன்பீம் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்தது. பீச் அப்படித் துளிர்ப்பது குறைவு.

மே மாதத்தில் ஒருநாள், மண் வரைபடத்தின்படி களிமண் அடுக்கின் நடுவில் ஒரு கட்டம் அளந்தோம், நாலு பக்கமும் இருபது மீட்டர். இங்கே, அமிலம் குறைந்த மண்ணில் வளரும் ஹெப்பாட்டிக்கா என்ற சிறு காட்டுப் பூச்செடியின் மூவிதழ் இலைகள் இருக்கும் என்று நம்பிப் போனேன். காலடியில் இருந்ததோ பில்பெர்ரிப் புதர், ஓரமெல்லாம் வெள்ளை முடி வைத்த லுசுலா புல். இரண்டும் அமில மண்ணின் செடிகள். தாவரச் சூழலியலாளர் எல்லன்பெர்க் வகுத்த மண் வினை அளவில், அதாவது எண் குறையக் குறைய அமிலம் கூடும் 1 முதல் 9 வரையான அந்த ஏணியில், பில்பெர்ரிக்கு 2, ஹெப்பாட்டிக்காவுக்கு 7. வரைபடம்தான் தப்பு என்று நினைத்து, அடுத்த இடத்துக்குப் போகலாம் என்றேன்.

கூட வந்த மூத்த வனப் பணியாளர் நகரவில்லை. அரைக்குழாய் போன்ற மண் துளைப்பானைச் சுத்தியலால் இறக்கி, திருகி வெளியே எடுத்துக் காட்டினார். மேலே ஒரு முழத்துக்குக் குறைவாக மஞ்சள் மணல். விரலிடையில் உருட்டினால் உதிர்ந்தது. அதற்குக் கீழே சட்டென்று ஊதாக் களி. மெல்லிய திரியாக உருண்டது, வளைத்தாலும் ஒடியவில்லை. உச்சியிலிருந்து மணற்கல் சிதைவு சரிந்து வந்து களிமண்ணை மூடியிருக்கிறது. ஓக்கின் வேர் களியைத் தொட்டுவிடும். புதருக்கும் புல்லுக்கும் தெரிந்ததெல்லாம் அந்த மணல்தான். ஒரே இடத்தில் மரம் ஒரு மண்ணைச் சொன்னது, தரைச்செடி வேறொன்றைச் சொன்னது. நான் இரண்டையும் கேட்காமல் கிளம்பப் பார்த்தேன். இன்னும் அந்த வெட்கம் போகவில்லை.

அப்புறம் பழக்கம் மாறியது. எந்தக் கட்டத்திலும் முதல் வேலை துளைப்பான்; சாய்வுமானி பிறகுதான். சரிவு என்றால் வெறும் கோணம் இல்லை, எது எங்கே இறங்கி எங்கே தங்கியது என்ற கணக்கு என்று அப்போதுதான் புரிந்தது. முகட்டில் காற்று சருகைத் துடைத்துவிடும். பள்ளத்தில் சருகும் ஈரமும் சேர, அங்கே காட்டுப் பூண்டின் வாடை தூரத்திலேயே வரும்.

அன்று சாயங்காலம் அதே சரிவில் கொஞ்சம் கீழே இறங்கினோம். மணல் மெலிந்துகொண்டே வந்து மறைந்தது. ஹார்ன்பீம் நிழலில், முதல் மூவிதழ் இலை. பூ எப்போதோ முடிந்திருந்தது. அதனடியில் ஓர் எறும்பு, கொழுப்பு ஒட்டிய விதையொன்றைத் தூக்கிக்கொண்டு மணல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.