‘வேர்’ போடுவதா, ‘விச்’ போடுவதா? உருபைக் கேளுங்கள்

மலையில் ஹோம்ஸ்டே நடத்துபவர் தன் அறைகளைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி எழுத உட்கார்ந்தால் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ‘தி ரூம் வேர் ஹேஸ் டூ விண்டோஸ்.’ இரண்டு ஜன்னல் உள்ள அறை என்று சொல்ல வந்தது. அறை என்பது இடம்தானே, இடத்துக்கு ‘வேர்’தானே, பிறகு எங்கே தப்பு?

(இந்த ‘வேர்’ செடியின் வேர் இல்லை, எங்கே என்று கேட்கும் ஆங்கிலச் சொல். தமிழில் எழுதினால் இந்தக் கோலம்தான்.)

பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது: ஆளுக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’, இடத்துக்கு ‘வேர்’. முதல் இரண்டும் ஓரளவு சரி. மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. ‘வேர்’ வருமா வராதா என்பதை முன்னால் நிற்கும் பெயர் தீர்மானிப்பதில்லை. பின்னால் வரும் வாக்கியத்துக்குள் அந்தப் பெயர் என்ன வேலை பார்க்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

நமக்கு இது புரியாமல் போக நம் மொழியின் வசதியே காரணம். தங்கிய அறை, பார்த்த அறை, பூட்டிய அறை, ஒழுகும் அறை. எல்லாவற்றுக்கும் ஒரே பெயரெச்சம். இடம், பொருள், காலம், கருவி, செய்பவர், செயல் என்று ஆறுக்கும் ‘செய்யும்’, ‘செய்த’ என்ற வடிவங்கள் பொது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. அறை‘யில்’ தங்கினோமா, அறை‘யை’ப் பார்த்தோமா என்று பெயரெச்சம் காட்டாது, கேட்பவர் தானே புரிந்துகொள்வார். ஆங்கிலம் அதை வெளியே சொல்லச் சொல்கிறது.

ஆகவே பெயரெச்சத்தை உடைத்து முழு வாக்கியமாக்குங்கள். விழுந்துபோன உருபு (பெயரோடு ஒட்டும் ‘ஐ’, ‘இல்’ போன்றது) திரும்பி வரும். அதுதான் விடை.

தங்கிய அறை: அறையில் தங்கினோம். ‘இல்’ வந்தது, எனவே ‘தி ரூம் வேர் வீ ஸ்டேய்ட்’. பார்த்த அறை: அறையைப் பார்த்தோம். ‘ஐ’ வந்தது, எனவே ‘தி ரூம் விச் வீ சா’. ‘தட்’ போட்டாலும் சரி. ஒழுகும் அறை: அறை ஒழுகுகிறது. உருபே இல்லை, எழுவாய். அப்போதும் ‘விச்’ அல்லது ‘தட்’தான். ‘இருந்து’ வந்தால் ‘ஃப்ரம் விச்’. குன்னூர் பக்கத்து டால்ஃபின்ஸ் நோஸ் காட்சிமுனைக்கு ஆள் கூட்டிப் போகிற கைடு, கேத்தரின் அருவியைக் காட்டிவிட்டு, ‘திஸ் இஸ் தி பாயின்ட் விச் யூ கேன் சீ தி ஃபால்ஸ்’ என்றால் ஒன்று குறைகிறது. அந்த இடத்தை நாம் பார்க்கவில்லை. அந்த இடத்தில் இருந்து அருவியைப் பார்க்கிறோம். ‘தி பாயின்ட் ஃப்ரம் விச் யூ கேன் சீ தி ஃபால்ஸ்’ என்று சொல்ல வேண்டும். பேச்சில் ‘வேர்’ என்றாலே போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ‘மேல்’ என்று வந்தால் ‘ஆன் விச்’: தேயிலை ஃபேக்டரியில் விதரிங் ட்ரஃப்பை (இலையை வாட வைக்கும் தொட்டியை) காட்டும்போது, ‘தி நெட் ஆன் விச் தி லீஃப் இஸ் ஸ்ப்ரெட்’. வலைமேல் இலையைப் பரப்புகிறார்கள், கீழிருந்து ஃபேன் காற்று வருகிறது. இங்கே ‘வேர்’ போட்டால் தப்பில்லை, ஆனால் இலை வலைக்கு உள்ளேயா மேலேயா என்பது தெரியாமல் போகும்.

இப்போது அந்த ஜன்னலுக்கு வருவோம். அறையில் இரண்டு ஜன்னல் இருக்கிறது. ‘இல்’ வந்துவிட்டதே, அப்படியானால் ‘வேர்’ சரிதானே? இங்கேதான் சிக்கல். ‘ஹேவ்’ என்ற வினைக்கு நேரான அன்றாடச் சொல் தமிழில் இல்லை. எல்லாவற்றையும் ‘இருக்கிறது’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஹேஸ்’ போட்டவுடன் அறையே எழுவாய் ஆகிவிடுகிறது. எழுவாய்க்கு ‘வேர்’ வராது: ‘தி ரூம் விச் ஹேஸ் டூ விண்டோஸ்’. ‘வேர்’தான் வேண்டும் என்றால் ‘இருக்கிறது’ என்பதையும் கூடவே கொண்டு போங்கள்: ‘தி ரூம் வேர் தேர் ஆர் டூ விண்டோஸ்’. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். ‘எ ரூம் வித் டூ விண்டோஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

உருபுச் சோதனை காலை வாரும் வினைகள் இன்னும் சில உண்டு. மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ஃபேக்டரிக்குப் போய்ப் பார்த்தோம் என்கிறோம். ஆனால் ‘விசிட்’ நேரே செயப்படுபொருளைப் பிடிக்கும்: ‘தி ஃபேக்டரி விச் வீ விசிட்டட்’. ‘வேர் வீ விசிட்டட்’ தப்பு. அறைக்குள் நுழைந்தோம், ஊருக்கு வந்து சேர்ந்தோம், மலையில் ஏறினோம்: ‘என்டர்’, ‘ரீச்’, ‘க்ளைம்ப்’ மூன்றும் அதே ஜாதி. ‘கோ’ மட்டும் நம் பக்கம். கோத்தகிரிக்குப் போனோம் என்றால் ‘தி ப்ளேஸ் வேர் வீ வென்ட்’ அல்லது ‘தி ப்ளேஸ் வீ வென்ட் டு’. இரண்டையும் கலந்து ‘வேர் வீ வென்ட் டு’ என்று எழுதுவது, குடைக்குள் தொப்பியும் போட்டுக்கொள்வது மாதிரி. ‘வேர்’ என்பதே ‘டு விச்’, ‘இன் விச்’, ‘அட் விச்’ எல்லாவற்றையும் விழுங்கிய சொல். ‘தி காட்டேஜ் வேர் யூ வில் ஸ்டே இன்’ என்பதிலும் கடைசி ‘இன்’ அதிகப்படி.

இடம் என்றால் கண்ணால் பார்க்கும் இடம் மட்டும் இல்லை. நிலைமை, கட்டம், சந்தர்ப்பம் எல்லாம் ஆங்கிலத்துக்கு இடம்தான். ‘சிச்சுவேஷன்’, ‘கேஸ்’, ‘ஸ்டேஜ்’, ‘பாயின்ட்’ இவற்றுக்குப் பின்னால் தாராளமாக ‘வேர்’ வரும். ‘ஃபெர்மென்டிங் இஸ் தி ஸ்டேஜ் வேர் தி லீஃப் டர்ன்ஸ் காப்பர்.’ தேயிலையைப் புளிக்க வைக்கும் அந்தக் கட்டத்தில் இலை செம்பு நிறமாகிறது. ‘இல்’ சரியாக விழுகிறது. அலுவலகக் கடிதம் என்றால் ‘இன் விச்’ இன்னும் பாந்தமாக இருக்கும். ஆனால் ‘எ சிச்சுவேஷன் விச் வீ ஃபேஸ் எவ்ரி மான்சூன்’ என்பதில் ‘வேர்’ கூடாது: நிலைமையைச் சந்திக்கிறோம், ‘ஐ’.

‘ஆல்’ அல்லது ‘படி’ வந்தால் ‘வேர்பை’ (whereby). 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததே, அதை விளக்க இந்தச் சொல் அளவெடுத்துத் தைத்த மாதிரி: ‘எ சிஸ்டம் வேர்பை விசிட்டர்ஸ் ரெஜிஸ்டர் பிஃபோர் தே டிரைவ் அப்’. ‘வேரின்’ (wherein) என்று ஒன்று நம்மூர் ஆங்கிலத்தில் புழங்குகிறது; பத்திரம் எழுதுபவர்களுக்கு அதை விட்டுவிடலாம்.

‘என்ற’ வந்தால் கதை வேறு. ரோடு மூடியிருக்கிறது என்ற தகவல்: ‘தி நியூஸ் தட் தி ரோடு இஸ் க்ளோஸ்ட்’. இங்கே ‘விச்’சும் வராது, ‘வேர்’ரும் வராது. ‘ஃபேக்ட்’, ‘நியூஸ்’, ‘ரூல்’, ‘ஐடியா’ இப்படி நடக்கும். ஆனால் ‘போக முடியாது என்ற நிலைமை’யை அப்படியே கொண்டு போகாதீர்கள், ‘சிச்சுவேஷன்’ பக்கத்தில் இந்த ‘தட்’ ஒட்டாது, ‘வேர்’தான்.

‘இன் கேஸ் வேர் தி பஸ் இஸ் லேட்’ என்பதும் அடிக்கடி நடக்கும் விபத்து. ‘இன் கேஸஸ் வேர்’ என்று பன்மையாக்குங்கள், அல்லது ‘இஃப்’ போட்டு முடியுங்கள். தனியே ‘இன் கேஸ்’ முன்னெச்சரிக்கைக்கு: ‘டேக் எ ஸ்வெட்டர் இன் கேஸ் இட் கெட்ஸ் கோல்டு’. குளிர்ந்த பிறகு எடுப்பது இல்லை, குளிரலாம் என்று முன்பே எடுத்து வைப்பது.

காற்புள்ளி: ஊர்ப் பெயருக்குப் பின் ‘வேர்’ வந்தால் இரு பக்கமும் கட்டாயம். ‘குன்னூர், வேர் தி ஸ்டீம் என்ஜின் கிவ்ஸ் வே டு எ டீசல், இஸ் எ குட் ப்ளேஸ் ஃபார் டீ.’ குன்னூர் ஒன்றுதான். எந்தக் குன்னூர் என்று பிரித்துக் காட்டத் தேவையில்லை, கூடுதல் தகவல் மட்டும் தருகிறோம். ‘தி ஸ்டேஷன் வேர் தி என்ஜின் சேஞ்சஸ்’ என்றால் காற்புள்ளி வேண்டாம், மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையிலான மலை ரயில் பாதையின் 46 கிலோமீட்டரில் எந்த ஸ்டேஷன் என்பதையே அந்தத் துணைவாக்கியம்தான் சொல்கிறது.

கடைசியாக, சொல்லை விழுங்குவது. ‘ஐ’ வந்த இடத்தில் ‘விச்’சை விட்டுவிடலாம்: ‘தி ரூம் வீ புக்ட்’. ‘வேர்’ரை விட்டால் முன்னிடைச்சொல் வால் மாதிரி பின்னால் வர வேண்டும்: ‘தி ரூம் வீ ஸ்லெப்ட் இன்’. ‘தி ரூம் வீ ஸ்லெப்ட்’ என்று நிறுத்தினால் வாக்கியம் பாதியில் நிற்கும். ‘ப்ளேஸ்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் பேச்சில் சலுகை உண்டு. ‘தி ப்ளேஸ் வீ ஸ்டேய்ட்’ என்று வெள்ளைக்காரரே சொல்வார்.