சிலையை இறக்க யார் வருவார்கள்?

கனமானதைத் தூக்கி இறக்குவதுதான் என் பிழைப்பு. கடலூர் சிப்காட்டில் டேங்க், மோட்டார் என்று எது வந்தாலும் கிரேனில் தூக்குகிற பெல்ட் போட்டு, சிக்னல் கொடுத்து இறக்கி வைப்போம். அதனால்தான், அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ராபர்ட் லீயின் குதிரைச் சிலையை இறக்கிய வீடியோவில் என் கண் முதலில் பெல்ட்டின் மேல் போனது.

குதிரை மேல் ஆள் உட்கார்ந்த வெண்கலச் சிலை சிக்கலான சரக்கு. வெயிட்டெல்லாம் மேலே, கால்களோ மெல்லிசு. வயிற்றுக்கு அடியில் முன்னங்கால் பக்கம் ஒரு பெல்ட், பின்னங்கால் பக்கம் ஒரு பெல்ட் கொடுத்தாலும், ஒரு பக்கம் கூடுதலாக இழுத்தால் சாய்ந்துவிடும். இது 21 அடி உயரம், சுமார் 12 டன், அதுவும் பெரிய பீடத்தின் உச்சியில். இறக்கியபின், பாலங்களுக்கு அடியில் போக வேண்டுமே என்று இடுப்போடு அறுத்து ஏற்றினார்கள்.

அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் தளபதி லீ. அந்த உள்நாட்டுப் போர் முடிந்து 25 ஆண்டு கழித்து, 1890இல் சிலை வந்தது. பிரான்சிலிருந்து வந்த பாகங்களை, திருப்பாதிரிப்புலியூர் தேரை இழுப்பது போல, ஆயிரக்கணக்கானோர் கயிறு பிடித்து இழுத்துப் போனார்கள். இறக்குவதற்கோ ஒப்பந்தக்காரர்கள் பலரும் ஒதுங்கிக்கொண்டார்கள். 2020இல் ஜார்ஜ் பிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டபின் ஆளுநர் அகற்றச் சொன்னார். வழக்குகள் முடிந்து 2021 செப்டம்பர் 8இல்தான் சிலை இறங்கியது. வேலையை எடுத்தவர் டெவன் ஹென்றி என்ற கறுப்பினத்தவர். கொலை மிரட்டல் வந்தும் பின்வாங்கவில்லை. குண்டு துளைக்காத உடையைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். நியூ ஆர்லியன்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க நகரில் இதே மாதிரி வேலையை எடுத்த ஒருவரின் காரை 2016இல் எரித்தார்கள், அவர் விலகிவிட்டார். மறு ஆண்டு அங்கே முதல் சின்னத்தை இருட்டில், முகத்தை மூடிக்கொண்டு, வண்டியில் கம்பெனிப் பெயரை மறைத்துத்தான் இறக்கினார்கள்.

அதைப் படித்ததும் வயிறு கலங்கியது. சாலை அகலப்படுத்த ஒரு தலைவர் சிலையை நகர்த்த எங்களையும் ஒருமுறை கூப்பிட்டார்கள். நடுராத்திரி, சுற்றிலும் போலீஸ், "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரம். போல்ட் துருவேறி அசையவில்லை. பெல்ட் மாட்டுகிற எங்கள் ரிக்கர் தம்பி வந்து, "அண்ணே, கிரேன் பூம்ல நம்ம கம்பெனி பேரு தெரியுது, தார்ப்பாய் போட்டு மூடிடலாமா?" என்றான். மூடினோம்.

சிலை இருக்கணுமா வேண்டாமா என்று ஊரே பேசும். அடியில் நிற்கிற ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு ரிச்மண்டில் பிடித்தது அதைப் பட்டப்பகலில், ஜனங்கள் பார்க்க இறக்கியதுதான். பெல்ட் எங்கே நழுவுகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். இனி யாராவது சிலை வேலைக்குக் கூப்பிட்டால், பகல் என்றால்தான் கிரேன் வரும் என்று சொல்லப் போகிறேன்.