சிடி4 எண்ணும் மாத்திரை தொடங்கும் நாளும்

அரசு மருத்துவமனை ஒன்றின் ஏஆர்டி மையத்தில், அதாவது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து கொடுக்கும் இடத்தில், ஆய்வக நுட்பநராக நான் வேலை பார்த்த ஆண்டுகளில், என் மேசைக்கு எதிரே வந்து நின்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், எனக்கு எவ்வளவு இருக்கு?" எது எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்டதில்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவர் அந்த இடத்தில் நின்று அப்படிக் கேட்டால் அது சிடி4 எண்ணிக்கையை, அதாவது ரத்தத்தில் உள்ள நோயெதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையின் எண்ணிக்கையைத்தான் குறிக்கும்.

தையல் வேலை செய்துவந்த ஓர் அம்மா, தனக்கு வந்த எண்களை நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதி, நான்காக மடித்து மணிபர்ஸில் வைத்திருந்தார். 2008-இல் முதல்முறை வந்தபோது 612. அடுத்தடுத்த முறைகளில் 540, 431, 388. ஒவ்வொரு முறையும், "இன்னும் நல்லாத்தான் இருக்கு, மருந்து தேவைப்படாது, ஆறு மாதம் கழித்து வாங்க" என்று சொல்லி அனுப்பினோம். அன்றைய வழிகாட்டுதலின்படி அதில் தவறேதும் இல்லை. ஆனால் "நல்லாத்தான் இருக்கு" என்பதை அவர் "நோய் என்னை ஒன்றும் செய்யவில்லை" என்று எடுத்துக்கொண்டார். 388-க்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அவர் வரவே இல்லை. திரும்பி வந்தபோது காசநோயோடும், அவருடைய அண்ணனின் தோள் துணையோடும் வந்தார். அன்று இயந்திரம் காட்டிய எண் 61.

அந்தத் தாள் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். மருந்து தொடங்குவதற்கு இந்த எண் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம், விதி மாறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் நம் மக்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்த எண் எதை எண்ணுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை, உடலுக்குள் கிருமி நுழைந்தால் மற்ற அணுக்களை ஏவி வேலை வாங்குகிற வகை. அதன் மேற்பரப்பில் சிடி4 என்ற புரதம் இருக்கிறது. எச்.ஐ.வி. அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. ஆய்வகத்தில் ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தோடு, அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தைக் கலந்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிட்டு இயந்திரம் எண்ணுகிறது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு சிறு துளியிலும் சிறு பகுதியில், எத்தனை என்பதே விடை. தொற்று இல்லாத பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 500 முதல் 1500 வரை இருக்கும்.

உடலில் உள்ள இந்த வகை அணுக்களில் மிகச் சிறிய பங்குதான் ரத்தத்தில் ஓடுகிறது. பெரும்பங்கு நெறிக்கட்டிகளிலும் குடலின் உட்சுவரிலும் குடியிருக்கிறது. தெருவில் நடமாடுகிறவர்களை எண்ணி ஊரில் எத்தனை பேர் என்று கணிப்பதைப் போன்றதுதான் இந்தப் பரிசோதனை. அதனால் காலையில் எடுத்ததும் மாலையில் எடுத்ததும் ஒன்றாக இருப்பதில்லை. சளிக்காய்ச்சல் வந்துபோனாலும், ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டாலும் எண் இறங்கும். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதாலும் இறங்கும். போன முறை 480, இந்த முறை 410 என்று வந்ததற்காக இரவெல்லாம் தூங்காமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அளவு வித்தியாசத்துக்குத் தனியாகப் பொருள் எதுவும் கிடையாது. தொடர்ந்து பல முறை ஒரே திசையில் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பிறகு ஏன் அந்த எண்ணுக்காக ஒரு காலத்தில் காத்திருந்தோம்? இந்தியாவில் 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது, தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை உட்பட விரல்விட்டு எண்ணக்கூடிய மையங்களே இருந்தன. மருந்து குறைவு, தேவைப்பட்டவர்கள் அதிகம். எனவே சாவின் விளிம்பில் நின்றவர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். அன்றைய மருந்துகளும் கடுமையானவை. ஸ்டாவுடின் சாப்பிட்டவர்களுக்குக் கன்னம் ஒட்டிப்போவதும், பாதம் நெருப்பாக எரிவதும் வழக்கமாக இருந்தன. அப்படிப்பட்ட மருந்தை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது என்று மருத்துவர்கள் நினைத்ததில் நியாயம் இருந்தது. எண் 200-க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து என்ற கோடு அப்படித்தான் வந்தது.

அந்தக் கோட்டை நகர்த்தியவை பெரிய ஆய்வுகள். ஸ்மார்ட் என்ற ஆய்வில் 5,472 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மருந்தைத் தொடர்ந்தும், மறு பிரிவினருக்கு எண் 350-ஐத் தாண்டினால் நிறுத்தி 250-க்குக் கீழே இறங்கினால் மீண்டும் தொடங்கியும் பார்த்தார்கள். மருந்துக்கு ஓய்வு கொடுத்தால் பக்க விளைவு குறையும் என்பதே எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு: நிறுத்தியவர்களிடம் இறப்பு மட்டுமல்ல, இதயம், சிறுநீரகம், கல்லீரல் சார்ந்த நோய்களும் கூடின, 2006-இல் ஆய்வையே இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. கட்டுப்படுத்தாமல் விட்ட வைரஸ், எண் நன்றாக இருக்கும்போதே உடலெங்கும் அழற்சியை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

அடுத்தது நம் சென்னையிலும் நடந்த ஆய்வு. எச்பிடிஎன் 052 என்று பெயர். ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதியர், ஒன்பது நாடுகள். 2011-இல் முடிவு வெளியானபோது, தொற்றுள்ளவரிடமிருந்து துணைக்குச் சென்றதென மரபணுச் சோதனையில் உறுதியான 28 தொற்றுகளில் ஒன்றே ஒன்றுதான் சீக்கிரம் மருந்து தொடங்கிய பிரிவில் இருந்தது. சீக்கிரம் தொடங்கும் மாத்திரை வீட்டிலிருக்கும் மற்றவரையும் காக்கிறது என்பதை, நம் ஊர்த் தம்பதியரும் சேர்ந்துதான் உலகத்துக்குக் காட்டினார்கள்.

கடைசியாக 2015-இல் ஸ்டார்ட் ஆய்வு. 35 நாடுகளில், எண் 500-க்கு மேல் இருந்த 4,685 பேர். பாதிப் பேருக்கு உடனே மருந்து, பாதிப் பேருக்கு 350-க்கு இறங்கிய பிறகு. கடுமையான நோயோ இறப்போ நேர்ந்தது முதல் பிரிவில் 42 பேருக்கு, இரண்டாவதில் 96 பேருக்கு. அந்த நிகழ்வுகளில் பெரும்பாலானவை எண் 500-க்கு மேல் இருந்தபோதே நிகழ்ந்தன என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாதுகாப்பானது என்று நாங்கள் நினைத்துச் சொன்ன உயரத்தில் பாதுகாப்பு இருக்கவில்லை. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் எண் எதுவானாலும் எல்லோருக்கும் சிகிச்சை என்று அறிவித்தது. 2017-இல் இந்தியாவும் அதை ஏற்றது.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் வந்தார். அவருக்கு 720. "மார்க் நல்லா வந்திருக்கே சார், அப்புறம் எதுக்கு இப்பவே மாத்திரை?" என்று கேட்டார். நான் அவரை உட்காரவைத்து, "தம்பி, அந்த 720-ஐ 720-ஆகவே வச்சுக்கத்தான் மாத்திரை" என்றேன். இன்றைய மாத்திரை பழைய மருந்தைப் போன்றதல்ல. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு முறை. தவறாமல் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில் சிக்காத அளவுக்கு வைரஸ் அடங்கிவிடுகிறது. அப்படி அடங்கியே இருக்கும்வரை உடலுறவின் வழியாகத் தொற்று பரவுவதில்லை.

அப்படியானால் சிடி4 பார்ப்பது வீணா என்றால், இல்லை. மருந்து எப்போது என்பதை அது இப்போது தீர்மானிப்பதில்லை. மருந்தோடு வேறு என்னென்ன தேவை என்பதைத் தீர்மானிக்கிறது. 200-க்குக் கீழே இருந்தால் அது முற்றிய நிலை: நிமோனியா வராமல் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் மாத்திரை, காசநோய்க்கான பரிசோதனை, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கான ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்து வர வேண்டும். 50-க்குக் கீழே போனவர்களுக்குக் கண் மங்கினால்கூட அலட்சியப்படுத்தக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த எண்கள் பொருந்தா; அவர்களுக்கு இயல்பிலேயே எண்ணிக்கை அதிகம் என்பதால் சதவிகிதத்தைப் பார்ப்பார்கள்.

உடனே தொடங்க வேண்டும் என்பதற்கும் ஒரு விலக்கு உண்டு. விடாத தலைவலி, கழுத்து இறுக்கம், குழப்பமான பேச்சு என்று மூளைக்காய்ச்சலின் அறிகுறி இருந்தால், முதலில் அதற்கு மருத்துவம் பார்த்துவிட்டுச் சில வாரங்கள் கழித்தே கூட்டு மருந்தைத் தொடங்குவார்கள். திடீரென்று மீண்டெழும் எதிர்ப்புச் சக்தி, மறைந்திருந்த கிருமியின் மேல் பாய்கிற வேகத்தில் மூளையையே வீங்கச் செய்துவிடும். நுரையீரல் காசநோய் மட்டும் இருந்தால் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. காசநோய் மருந்து தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் இதையும் தொடங்கலாம். தலைவலி இருந்தால் ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அந்தத் தையல்கார அம்மா பிழைத்துக்கொண்டார். காசநோய் மருந்தை முடித்தார், கூட்டு மருந்தை ஒரு நாளும் விடவில்லை. ஆனால் அவ்வளவு கீழே இறங்கிய எண் ஏறுவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆயிற்று: முதலாண்டு முடிவில் 140, பிறகு 210, 290, ஐந்தாம் ஆண்டில் 350-ஐத் தொட்டது. பழைய 612-ஐ அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. நான் பணியில் இருந்த கடைசி ஆண்டில் ரத்தம் கொடுக்க வந்தபோது, வழக்கமான கேள்வியை அவர் கேட்கவில்லை. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வைரல் லோடு எப்ப வரும் சார்?" என்று கேட்டார்.