அக்காவின் பெயரில் ஒரு வாசிப்பறை

நான் படித்த கான்வென்டில் நேற்று ஒரு வாசிப்பறையைத் திறந்தார்கள். காலமான எங்கள் ரப்பர் தோட்டத்து அக்கா ஒருவரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பால்மரம் வெட்டியவரின் மகள். விடியுமுன் அம்மாவைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, அனுப்பிவிட்டு, தம்பிக்குச் சோறு கட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு பஸ் பிடித்துப் பள்ளிக்கு வந்தவர்.

பேச்சுகள் நீளம், ஒலிபெருக்கி வேறு பாதியில் மக்கர் செய்தது. என் கண் கண்ணாடிப் பேழைக்குள் இருந்த நோட்டுப் புத்தகத்திலேயே நின்றுவிட்டது. யாருக்கு எத்தனை நாள் கூலி குறைந்தது, யாருக்குச் சேமநிதி கட்டவில்லை, எந்தப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்று பொடிப்பொடியாக எழுதியிருக்கிறார். ஓரத்தில் காய்ந்த ரப்பர் பால் கறை. வெட்டுக்காட்டில் நின்றபடியே எழுதியிருப்பார் போலும்.

தலைமையாசிரியை தம் பேச்சில் ஐரீன் பெர்னாண்டஸையும் நினைவுகூர்ந்தார். 1946இல் மலேசியாவில், எங்கள் சுங்கை பட்டாணியில் பிறந்தவர். பெண்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் உரிமைக்காகப் போராடும் தெனகானித்தா அமைப்பைத் தொடங்கியவர். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் தடுப்பு முகாம்களில் நடந்த கொடுமைகளை அறிக்கையாக வெளியிட்டதற்காக 1996இல் அவர்மீது வழக்குப் போட்டார்கள். 2003இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை, 2008இல்தான் விடுதலை. ஓர் அறிக்கைக்குப் பன்னிரண்டு ஆண்டு நீதிமன்ற அலைச்சல்! மண்டபத்தில் கைத்தட்டல் என்னவோ சுமார்தான். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

வெளியே வரும்போது அக்காவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த நோட்டைத் திருப்பித் தருவார்களா, தம்பி? பின்பக்கத்தில் என் மளிகைக் கடைக் கணக்கும் இருக்கிறது."